ஏழு குழி வேட்டு

வேட்டு என்றால் சத்தம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த ஊர் எங்கள் ஊர். ஓமலூருக்கு மேற்கே ஐந்து மைல். ஆடியில் மாரியம்மன் நோம்பித் திருவிழா வந்தால், சாமிக்குப் போடுகிற அதிர்வேட்டை வைத்துத்தான் அந்த வருஷத்து நோம்பி பலே நோம்பியா, சப்பை நோம்பியா என்று முடிவுசெய்வார்கள். பக்கத்து ஊர்க்காரன் காதில் விழுந்ததா? கட்டியிருந்த மாடு அறுத்துக்கொண்டு ஓடியதா? தொட்டிலில் கிடந்த குழந்தை வீறிட்டதா? அப்படியென்றால் அம்மன் குளிர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். இப்படிப்பட்ட ஊரில் வேட்டுக்காரனுக்கு இருந்த மரியாதை பூசாரிக்குக்கூட இல்லை.

அந்த வேட்டுக்காரர்தான் என் வீட்டுக்காரர், அங்கமுத்து. அவர் தெருவில் நடந்தால் பொடிசுகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அவர் மீசையை நீவிக்கொள்வார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான், இல்லை என்று சொன்னால் பொய்.

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கு பார்த்தாலும் ரோடு, பாலம், கட்டடம் என்று கல்லுக்கு அப்படி ஒரு தேவை. அம்மாபேட்டையிலிருந்து கைலாசம் என்று ஒரு காண்ட்ராக்டர் வந்து, எங்கள் ஊர் மொட்டைப்பாறையைக் குத்தகைக்கு எடுத்தார். பாறையை வெடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்த மனுஷன், சரியாக நோம்பி அன்றைக்கு வந்து சேர்ந்தார். என் வீட்டுக்காரர் போட்ட வேட்டில் அவர் கையிலிருந்த இளநீர் கீழே விழுந்துவிட்டது. அன்றைக்கே, "நாளைக்கே பாறைக்கு வந்துரு அங்கமுத்து" என்று சொல்லிவிட்டார். கல்லை உடைக்கத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சத்தம் பெரிதாக இருந்தால் வேலையும் பெரிதாக இருக்கும் என்று அவருக்கும் நினைப்பு.

நான் சாலம்மாள். பாறையில் எனக்கு வேலை, மண் பிசைவது. கேட்டால் சிரிப்பீர்கள், பாறையில் மண்ணுக்கு என்ன வேலை என்று. சொல்கிறேன். ஆண்கள் கடப்பாறையும் சம்மட்டியும் வைத்துப் பாறையில் எட்டுச் சாண் ஆழத்துக்குக் குழி அடிப்பார்கள். ஒரு குழி அடிக்க இரண்டு ஆளுக்கு ஒரு நாள் ஆகும். அதில் கருமருந்தைக் கொட்டி, திரியைச் செருகி, மேலே மண்ணைப் போட்டுக் கெட்டிக்க வேண்டும். அந்த மண்தான் என்னுடையது. புற்று மண்ணைச் சலித்து, தண்ணீர் தெளித்து, முறுக்கு மாவு பதத்துக்குப் பிசைவேன். கையில் ஒட்டக் கூடாது, பிடித்தால் உதிரவும் கூடாது. கெட்டிப்பதும் மரக்கோலால்தான். இரும்புக் கம்பியால் குத்தினால் பொறி பறந்து, குத்தியவள் மேலே போய்ச் சேருவாள்.

என் வீட்டுக்காரர் நோம்பி வேட்டுக்காரர் அல்லவா? எட்டுச் சாண் குழியில் ஐந்து சாண் மருந்தைக் கொட்டுவார். மேலே இரண்டு சாண் மண் போட்டால் போதும் என்பார். திரிகளை எல்லாம் ஒரே நீளத்துக்கு நறுக்குவார். நாலு குழியோ ஐந்து குழியோ, எல்லாம் ஒரே நொடியில் ஒரே சத்தமாகப் போகவேண்டும். அதில் அவர் கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. ஓமலூர்ச் சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிவிட்டு மேற்கே திரும்பிப் பார்ப்பார்களாம். சந்தைக்குப் போய்வருகிறவர்கள் வந்து சொல்வார்கள். அன்றைக்கெல்லாம் இவருக்குக் கால் தரையில் பாவாது.

ஆனால் அந்தச் சத்தம் ஓமலூரோடு நிற்கவில்லை. பாறைக்குக் கீழே கூப்பிடு தூரத்தில் சென்னியம்மாள் ஆத்தாவின் தோட்டம். கவுண்டர் வீட்டு அம்மா. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று ஆறு ஏக்கரும் பார்க்கிற மனுஷி. மஞ்சளும் மிளகாயும் போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே கிணறு. எங்களுக்கும் அந்தக் கிணறுதான். பாறையில் வேலை செய்கிற இருபத்தெட்டு வீட்டுக்கும் அந்த அம்மாதான் மாடு இறைத்த சால் தண்ணீரைக் குடத்தில் ஊற்றிவிடுவார். நாங்கள் கிணற்றைத் தொடக்கூடாது என்பது வேறு விஷயம். ஊற்றுகிற கை மட்டும் ஒருநாளும் சுருங்கியதில்லை.

வேட்டுப் போட்ட மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு போனால், தண்ணீருக்கு முன்னால் வசவு வரும்.

"வாடீ சாலா! உன்ற புருசன் நேத்து போட்ட கல்லு எங்கூட்டு ஓட்டு மேல உக்காந்துக்கிட்டு இருக்குது, வந்து எடுத்துக்கிட்டுப் போ! மொளகாச் செடியில பூவெல்லாம் சுண்ணாம்பு அடிச்சாப்ல புழுதி. கெணத்துத் தண்ணி மூணு நாளா கலங்கிக் கெடக்குது. மாடு குடிக்க மாட்டீங்குது, மனுசன் குடிக்கோணுமா?"

நான் வாய் சும்மா இருக்கிறவள் இல்லை. பாறையில் என்னோடு மல்லுக்கு நிற்க எவனுக்கும் தைரியம் கிடையாது. ஆனாலும் அந்த அம்மா முன்னால் வாயைத் திறக்கமாட்டேன். ஏனென்றால் அவர் சொன்னது ஒவ்வொன்றும் நிஜம். தண்ணீர் கலங்கித்தான் இருந்தது, நானும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் ஒருநாள் என் வீட்டுக்காரர் தாரமங்கலத்துப் பக்கம் ஒரு கோயிலுக்கு வேட்டுப் போடப் போய்விட்டார். மூன்று குழி தயாராக இருந்தது. காண்ட்ராக்டருக்கோ அவசரம். என் தம்பி கந்தன்தான் மருந்து வைத்தான். பெட்டியில் மருந்து அடி தட்டிவிட்டது. குழிக்கு இரண்டரைச் சாண்கூடத் தேறவில்லை.

"போதுக்கா, மேல ரெண்டு சாண் மண்ணெப் போட்டு உட்டுரலாம்" என்றான்.

குழியைப் பாதி காலியாக விட எனக்கு மனசு வரவில்லை. பிசைந்த மண் வேறு கூடை நிறைய இருந்தது, காய்ந்துபோனால் பாழ். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கோலால் குத்திக் குத்தி, வாய் வரைக்கும் கெட்டித்துவிட்டேன். திரியும் துண்டு துண்டாகத்தான் கிடந்தது, ஒன்று நீளம், ஒன்று குட்டை. பற்றவைத்துவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தோம். டொம் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொம். அப்புறம் ஒன்று. அவ்வளவுதான்.

"போச்சு. மாமன் வந்தா என்னையத் தோலெ உரிச்சுப் போடும்" என்று கந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

போய்ப் பார்த்தால், பாறை அப்படியே பிளந்து அடியில் சரிந்து கிடக்கிறது. ஒரு கல் வண்டித்தடத்தைத் தாண்டவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற அளவில் துண்டு துண்டாகக் கிடந்தது. எனக்கு நம்பவே முடியவில்லை. மறுநாள் குடத்தோடு பயந்துகொண்டே போனேன். சென்னியம்மாள் ஆத்தா சாதாரணமாகத் தண்ணீர் ஊற்றினார்.

"ஏஞ் சாலா, நேத்து பாறைக்கி லீவா? சத்தத்தையே காணோம்" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. சத்தமாகப் போகிற மருந்து, கல்லைவிட்டு வானத்துக்குப் போகிறது. மேலே வாயை அடைத்துவிட்டால் போக வழியில்லாமல் கல்லைப் பிளக்கிறது. ஒரே நொடியில் ஐந்தும் போனால் பூமி ஒரே ஆட்டமாக ஆடுகிறது. ஒவ்வொன்றாகப் போனால், முதலில் விழுந்த கல் பின்னால் வருகிற கல்லுக்கு இடம் கொடுக்கிறது. எழுத்துப் படிக்காதவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள், ஒருநாள் வந்து மண் கெட்டித்துப் பார்க்கட்டும். அதற்கப்புறம் சிறிய வேலையாக இரண்டு தடவை கந்தனை வைத்துச் செய்தும் பார்த்துவிட்டேன். இரண்டு தடவையும் வசவு இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"நமுத்துப்போன வேட்டுக்கு நாயம் பேசறா பாரு! ஏ புள்ளெ, சத்தமில்லாத வேட்டு வேட்டா? நாளைக்கி ஊருக்குள்ள தலெ காட்ட முடியுமா நான்?"

தை மாதம் வந்தது வினை. ஐந்து குழியை ஒன்றாக வெடித்தார். அந்த நேரம் பார்த்து, சென்னியம்மாள் ஆத்தாவின் பண்ணையாள் சின்னான் கிணற்றில் மாடு கட்டி இறைத்துக்கொண்டிருந்தான். வடபக்கச் சுவர் கல்லோடு மண்ணோடு சரிந்து கிணற்றுக்குள் விழுந்தது. மாடு மிரண்டு முன்னங்கால் மடங்கிப் படுத்துவிட்டது. சின்னான் பிழைத்தது மாரியம்மன் புண்ணியம்.

மறுநாள் நான் போனபோது அந்த அம்மா திட்டவில்லை. வண்டி கட்டிக்கொண்டு ஓமலூர் போய், தாசில்தார் கையில் மனு கொடுத்துவிட்டு வந்தார். தாசில்தார் சொல்லி அனுப்பினார்: வருகிற புதன்கிழமை நேரில் வருவேன், கிணற்றோரம் நின்றுகொண்டு ஒரு வெடியைப் பார்ப்பேன், கிணறு அதிர்ந்தால் அன்றைக்கே பாறையை மூடிவிடுவேன்.

அந்த வருஷம் மழை பொய்த்துப்போய்க் காட்டு வேலை எதுவும் இல்லை. பாறை மூடினால் இருபத்தெட்டு அடுப்பும் அணைந்த மாதிரிதான். அதற்காகக் கிணறு போகட்டும் என்று சொல்ல முடியுமா? அந்தக் கிணறும் போனால் குடிக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? எனக்கு இரண்டும் வேண்டும். பாறையும் வேண்டும், கிணறும் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் காண்ட்ராக்டரும் என் வீட்டுக்காரரும் பாறைமேல் உட்கார்ந்து யோசனை செய்தார்கள். செய்த முடிவைக் கேளுங்கள். புதன்கிழமை ஏழு குழி. ஏழும் ஒரே சத்தம். குழிக்கு ஆறு சாண் மருந்து!

"அதிகாரி நம்ம ஊரு தேடி வாராரு. சும்மா டொப்புனு போட்டா அவருக்கு மரியாதையா இருக்குமா? மனசு குளுந்துட்டாருன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதேதான். ஜமீன்தாரு வந்தா வேட்டுப் போட்டுத்தானே கூட்டிட்டு வாராங்க" என்றார் காண்ட்ராக்டர்.

சிரிக்காதீர்கள். இரண்டு பேரும் மனசாரத்தான் சொன்னார்கள். பெரிய மனுஷன் வந்தால் பெரிய வேட்டு என்று பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம். எனக்கு வந்த கோபத்தில் மண்கூடையைத் தூக்கிக் கீழே போட்டேன்.

"அட, உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? கெணறு ஆடக்கூடாதுன்னு பாக்க வாராரு மனுசன். அவரெ நிக்க வெச்சு ஆட்டிக் காட்டறீங்களா?"

"மண்ணு பெசையறவ மண்ணெப் பெசெ. மருந்துக்காரனுக்கு நாயம் சொல்ல வேண்டாம்" என்றார் வீட்டுக்காரர், எல்லார் முன்னாலும்.

சுருக்கென்றது. அழுதிருப்பேன், ஆனால் அழுகிற நேரமா அது? கிட்டே போய் நின்றேன்.

"சரிங்க. நான் மண்ணு பெசையறவதான். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க வேட்டு ஓமலூரு வரைக்கும் கேட்டுதுன்னு ஆயிரம் பேரு வந்து சொல்லியிருக்காங்க. அது போயி எங்க உழுந்துதுன்னு நீங்க ஒரு நாளாச்சும் பாத்ததுண்டா? ஆம்பளையா இருந்தா எங்கூடக் கெணத்தடிக்கி வாங்க."

கந்தனும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆம்பளையா என்று கேட்டபிறகு வராமல் இருக்க முடியுமா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார்.

இந்த மூன்று வருஷத்தில் அவர் அந்தத் தோட்டத்துக்குள் கால் வைத்ததில்லை. தண்ணீருக்குப் போகிறவள் நான், வசவு வாங்குகிறவளும் நான். வேலியைத் தாண்டியதும் அவருடைய நடை தளர்ந்தது. மஞ்சள் செடிகள் தண்ணீர் இல்லாமல் நுனி கருகிக் கிடந்தன. மாடு காலில் கட்டோடு கட்டுத்தறியில் படுத்திருந்தது. சென்னியம்மாள் ஆத்தா கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் பொரிந்து தள்ளப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

இவர் தள்ளி நின்றபடியே எட்டிப் பார்த்தார். வடபக்கம் முழுக்க வாய் பிளந்து கிடந்தது. படிக்கல் எல்லாம் தண்ணீருக்குள் தலைகுப்புற விழுந்து கிடந்தன. தண்ணீர் சாணி கரைத்த மாதிரி இருந்தது. இன்னொரு பக்கச் சுவரிலும் மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு விரிசல் இறங்கியிருந்தது. இவர் பார்த்துக்கொண்டே நின்றார். பாறையில் ஒரு விரிசலைப் பார்த்தால் அது எங்கே போய் முடியும் என்று தெரிந்த மனுஷன் அல்லவா? இன்னொரு அதிர்ச்சிக்கு அந்தச் சுவர் நிற்காது என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"சித்தெ தண்ணி குடுங்காத்தா" என்றார்.

அந்த அம்மா குடத்திலிருந்து ஊற்ற, இவர் குனிந்து இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்தார். மண் பல்லில் நெறநெறவென்றது எனக்கே கேட்டது. முழுக்கக் குடித்தார், துப்பவில்லை.

அப்போதுதான் அந்த அம்மா வாயைத் திறந்தார். "அங்கமுத்து, உன்ற வேட்டு நல்லாத்தான் கேக்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். களியை உருட்டி உருட்டி வைத்துவிட்டுப் பாதியில் எழுந்துவிட்டார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

புதன்கிழமை திருவிழாக் கூட்டம். தாசில்தாருக்காக அங்கமுத்து ஏழு குழி வேட்டுப் போடுகிறார் என்று ஒன்பது ஊருக்குச் செய்தி பரவிவிட்டது. கடலைக்காரி குப்பாயிகூடக் கூடையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். தாசில்தார் வில்வண்டியில் வந்து கிணற்றுமேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கூட வந்த குமாஸ்தா, பித்தளைச் சொம்பில் விளிம்பு தட்டத் தண்ணீர் ஊற்றிக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தான்.

"ஒரு சொட்டு வழிந்தாலும் பாறையை மூட வேண்டியதுதான்" என்றார் தாசில்தார்.

பாறைமேல் நாங்கள் மூன்று பேர். இவர் மருந்துப் பெட்டியைத் திறந்தார். முதல் குழிக்குள் மருந்தைக் கொட்டி, கோலை விட்டு அளந்து பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டரைச் சாண். அவர் கோலை என் கையில் கொடுத்தார்.

"கெட்டி" என்றார்.

"எது வரைக்கீங்க?"

"வாய் வரைக்கும். உனக்குத் தெரியாதா?"

மண்ணைப் போட்டுக் குத்தினேன். ஏழு குழிக்கும் இரண்டரைச் சாண்தான். திரி நறுக்கும்போது என் முகத்தைப் பார்த்தார்.

"முன் வரிசெ மூணுக்கும் குட்டையா நறுக்குங்க. பின் வரிசெ நாலுக்கும் நீளமா. ஒண்ணுக்கு ஒண்ணு நாலு வெரக்கடை நீளம் எச்சா இருக்கட்டும்" என்றேன். அப்படியே நறுக்கினார். கந்தன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

ஏழாவது குழியைக் கெட்டிக்கும்போது எனக்குப் பயம் வந்துவிட்டது. இரண்டு மூன்று குழியில் செய்து பார்த்ததுதான். ஏழு குழி நான் கண்டதில்லை. கல் பிளக்காவிட்டால் காண்ட்ராக்டர் மூட்டையைக் கட்டிவிடுவார். சொம்பு வழிந்தால் தாசில்தார் மூடிவிடுவார். எப்படிப் போனாலும் பழி என் தலையில்.

"ஏனுங்க, தப்பிப்போச்சுன்னா?"

"தப்பிப்போனா நான் தப்புப் பண்ணீட்டேன்னு சொல்லிக்கறேன். நீ கெணத்தடிக்கிப் போ. போயித் தண்ணியெப் பாரு" என்றார்.

ஓடினேன். கிணற்றுமேட்டில் ஏறி நின்றபோது மூச்சு வாங்கியது. பாறைமேலிருந்து, "வேட்டேய்! வேட்டு!" என்று அவர் மூன்று தடவை எச்சரிக்கைக் குரல் கொடுப்பது கேட்டது. கூட்டம் மொத்தமும் காதைப் பொத்தியது. குமாஸ்தா காதில் பஞ்சை வைத்துக்கொண்டான். தாசில்தார் இரண்டு விரலையும் காதுக்குள் விட்டுக்கொண்டார். நான் காதைப் பொத்தவில்லை. சொம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டில் உரலில் குத்துகிற மாதிரி ஒரு சத்தம். ஒன்று. தண்ணீர் லேசாகச் சுருங்கி நிமிர்ந்தது. இரண்டு. மூன்று. அப்புறம் நாலு, ஐந்து, ஆறு. நான் விரல் விட்டு எண்ணினேன். ஏழு. கிணற்றுக்குள் ஒரு சிறுகல்கூட விழவில்லை. சொம்பின் வெளிப்புறம் காய்ந்தபடியே இருந்தது.

தாசில்தார் இன்னும் காதில் விரலோடு உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் பொறுத்து விரலை எடுத்துவிட்டுச் சலிப்பாகக் கேட்டார்: "எப்போதய்யா வேட்டு?"

"ஆயிருச்சுங்க சாமி" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார். எழுந்து போய்ச் சொம்பைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தார்.

அதற்குள் கூட்டத்துக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். அப்புறம் ஒன்பது ஊரும் சிரித்தது.

"நமுத்துப் போச்சுடோய்!"

"அங்கமுத்து, மருந்துக்குப் பதுலா ராகி மாவெக் கொட்டீட்டியா?"

"இதுக்கா சோத்து மூட்டெ கட்டிக்கிட்டு வந்தோம்?"

காண்ட்ராக்டர் கைலாசத்தின் முகத்தில் ஈயாடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே பாறையை நோக்கி ஓடினார். நான் என் வீட்டுக்காரரைத் தேடினேன். பாறை முகட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அத்தனை பேரும் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். தலையைக் குனியவில்லை. சத்தத்தாலேயே பெயர் வாங்கிய மனுஷன், என் ஒரு வார்த்தைக்காக இப்படிச் சிரிப்பாய்ச் சிரிக்க நிற்கிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. சிரித்தவன் ஒவ்வொருவன் வாயிலும் என் மண்ணை வைத்துக் கெட்டிக்கலாம் போல இருந்தது.

தாசில்தார் பாறையைப் பார்க்க நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். சென்னியம்மாள் ஆத்தா மட்டும் கிணற்றைவிட்டு நகரவில்லை.

பாறைக்குப் பக்கத்தில் போனதும் முன்னால் போனவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள் முதுகில் முட்டிக்கொண்டு நின்றார்கள். முன்பக்கப் பாறை முழுவதும், வடகோடியிலிருந்து தென்கோடி வரைக்கும், பெயர்ந்து காலடியில் சரிந்து கிடந்தது. பின்னால் நின்ற பாறையில் கத்தியால் வெட்டிய மாதிரி நேர்முகம். புழுதி அதற்குள் அடங்கிவிட்டது. வண்டித்தடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சில்லு இல்லை. திட்டிக்கொண்டே ஓடிய காண்ட்ராக்டர் திட்டை மறந்துவிட்டு, கல்லுக்குக் கல் தாவித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெ ஒடைக்கவே வேண்டாமே! அப்படியே வண்டியில ஏத்தலாமே! இத்தனெ நாளும் இந்த வேலையெ எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தே?" என்றார்.

தாசில்தார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். குமாஸ்தாவைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். பாறை நடக்கட்டும். இன்றைக்கு வைத்த மாதிரிதான் இனி எப்போதும் மருந்து வைக்கவேண்டும். இதோ விழுந்து கிடக்கிற கல்லிலிருந்தே எடுத்து, காண்ட்ராக்டர் தன் ஆட்களை வைத்து அந்த அம்மாவின் கிணற்றுச் சுவரைக் கட்டிக்கொடுக்க வேண்டும். காண்ட்ராக்டர் தலையைத் தலையை ஆட்டினார். எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். கந்தன் அழுதுவிட்டான்.

அப்புறம் தாசில்தார் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "எத்தனையோ பாறை பார்த்திருக்கிறேன். இவ்வளவு பதமாக வெடி வைத்தவனைப் பார்த்ததில்லை. உன் பேர் என்னப்பா? அதையும் எழுதிக்கொள்ளட்டும்" என்றார்.

அவர் தன் பேரைச் சொல்லியிருந்தால் நான் ஒன்றும் நினைத்திருக்கமாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன். காலையில் அவர் கோலை என் கையில் கொடுத்ததே எனக்குப் போதும். ஆனால் அந்த மனுஷன் தாசில்தாருக்குப் பதில் சொல்லாமல், விழுந்து கிடந்ததிலேயே பெரிய கல்லாகப் பார்த்து ஏறினார். தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். ஒன்பது ஊர்க் கூட்டத்தையும் பார்த்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார்.

"அல்லாரும் கேட்டுக்குங்க! சிரிச்சவிய அல்லாரும் கேட்டுக்குங்க! இது அங்கமுத்து போட்ட வேட்டு இல்லெ! சாலம்மாள் போட்ட வேட்டு! என்ற பொண்டாட்டி சாலம்மாள்! மண்ணு பெசையற சாலம்மாள்! அவளுக்குத் தெரிஞ்ச வேலெ எனக்குத் தெரியாது! எழுதிக்குங்க சாமி, சாலம்மாள்னு எழுதிக்குங்க!"

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். ஏ புள்ளெ, இந்தா, இவளே என்று கூப்பிட்டிருக்கிறாரே தவிர, என் பேரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. புருஷன் பொண்டாட்டி பேரை ஊரறியச் சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் யாருக்கும் இல்லை. அவரோ விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மண்ணான கையால் முகத்தை மூடிக்கொண்டேன். குமாஸ்தா எழுதுவதை விரல் சந்து வழியாகப் பார்த்தேன்.

கீழே கிணற்றுமேட்டிலிருந்து சென்னியம்மாள் ஆத்தாவின் குரல் வந்தது. அவர் குரலும் லேசுப்பட்டதல்ல.

"ஏ சாலா! உன்ற புருசனெ வாயெ மூடச் சொல்லு புள்ளெ! வேட்டுக்கெல்லாம் கம்முனு இருந்த சொம்பு இப்பத்தான் வழியுது!"

தாசில்தாரே சிரித்துவிட்டார். கல்மேல் நின்றவர் காதில் ஒன்றும் விழவில்லை, அவர் பாட்டுக்கு இன்னும் கத்திக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் திரும்பி, என் பங்குக்குச் சத்தம் போட்டுச் சொன்னேன்:

"இன்னிக்கி ஒருநா உட்டுருங்காத்தா! கத்தட்டும்!"